யார்டு சேல்ல பழைய கேமரா வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்? ஒரு ஆர்கஸ் கிடைச்சிருக்கு, ஷட்டர் அடிக்க மாட்டேங்குது

மிச்சிகன்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். ஆன் ஆர்பர் பக்கம் குடி வந்து எட்டு மாசம் ஆச்சு. குளிர் போனதுலேர்ந்து சனிக்கிழமை காலையில எந்தத் தெருவுல திரும்பினாலும் மூலைக்கு மூலை அட்டையில யார்டு சேல்னு எழுதி அம்புக்குறி போட்டு நட்டு வச்சிருக்காங்க, வீட்டு முன்னாடி புல்லுல மேஜையப் போட்டு பாத்திரம் பண்டம் துணிமணி எல்லாத்தையும் பரப்பி விக்கறாங்க. முதல்ல பொண்ணுக்கு சைக்கிள் தேடித்தான் போனேன், இப்ப கேமரா தேடிப் போறேன். எங்க அப்பா கும்பகோணத்துல இருபது வருஷத்துக்கு மேல ஸ்டுடியோ வச்சிருந்தார், ஃபிலிம் கழுவற ஹைப்போ கெமிக்கல் வாசனையிலயே வளந்தவன் நான். ஸ்டுடியோவ மூடினப்ப யாஷிகா கேமரா, பிரிண்ட் போடற என்லார்ஜர்னு எல்லாத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டோம், அது இன்னிக்கு வரைக்கும் மனச உறுத்துது.

போன சனிக்கிழமை ஒரு பாட்டி வீட்டு கராஜ் வாசல்ல, ஷூ டப்பாக்குள்ள கறுப்பா செங்கல் மாதிரி ஒரு கேமரா கிடந்துச்சு. முன்னாடி பல்லு பல்லா ரெண்டு சக்கரம், ஆர்கஸ்னு பேரு. 8 டாலர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, 5 தரேன்னேன், சரின்னுட்டாங்க. "இது இந்த ஊர்லயே செஞ்சது, என் வீட்டுக்காரரோடது"ன்னு வேற சொன்னாங்க. நான் சும்மா சொல்றாங்கன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ஷட்டர் பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்ல. இது போன கேஸா, சரி பண்ண முடியுமா? பின்பக்கம் இன்னும் திறந்து பாக்கல. அடுத்த வாரமும் சுத்தப் போறேன், கையில எடுத்ததும் என்ன பாக்கணும், எத வாங்கலாம், எத அப்படியே வச்சுட்டு வரலாம்னு அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லா இருக்கும்.

பழைய_லென்ஸ்:

தம்பி, பின்பக்கத்த இப்ப திறக்காதீங்க. ரீவைண்ட் குமிழ மெதுவா சுத்திப் பாருங்க, லூசா சுத்துச்சுன்னா உள்ள ஒண்ணும் இல்ல, பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்தா ஃபிலிம் இருக்குதுன்னு அர்த்தம். யாரோ எடுத்த படம் அதுக்குள்ள அப்படியே இருக்கலாம்ங்க, திறந்தா ஒரு செகண்டுல போயிடும்.

ஷட்டர் விஷயம். உங்க கேமரா அநேகமா நல்லாத்தான் இருக்கும். அது ஆர்கஸ் சி3. லென்ஸ் பக்கத்துல முன்முகத்துலயே குட்டியா ஒரு நெம்புகோல் இருக்குது பாருங்க, அத விரலால கீழ தள்ளி பூட்டணும், அதுக்கப்புறம்தான் மேல இருக்கற பட்டன் வேலை செய்யும். ஃபிலிம் சுத்தினா ஷட்டர் தானா ஏறிக்கற பழக்கத்துல வந்தவங்க எல்லாரும் இத ரிப்பேர்னு நினைச்சுடறாங்க. அடிக்கறப்ப அந்த நெம்புகோல் மேல விரல் படக்கூடாது, அது துள்ளித் திரும்பற வழியில விரல் இருந்தா ஷட்டர் வேகம் கெட்டுப்போகும்.

அந்தம்மா சொன்னதும் நெசம்தான். ஆர்கஸ் ஆன் ஆர்பர் கம்பெனி, முதல்ல ரேடியோ செஞ்சுட்டு இருந்தவங்க, 1936-ல ஆர்கஸ் ஏ-ன்னு 12.50 டாலருக்கு 35 எம்எம் கேமரா விட்டாங்க. ஜெர்மன் கேமரா வாங்க வசதி இல்லாத அமெரிக்கக் குடும்பங்களுக்கு 35 எம்எம்மைக் கொண்டு சேர்த்ததுல இவங்களுக்குப் பெரிய பங்கு. சி3 1939-லேர்ந்து 1966 வரைக்கும் வந்துச்சு, இருபது லட்சத்துக்கு மேல வித்தது. இங்க எல்லாரும் அதுக்கு வச்ச பட்டப்பேரே செங்கல்தான், நீங்களும் அதையே சொல்லியிருக்கீங்க. பழைய ஃபேக்டரி கட்டடம் உங்க ஊர்ல மேற்குப் பக்கம் இன்னும் நிக்குது, ஒரு நாள் போய்ப் பாருங்க. முன்னாடி இருக்கற பல்சக்கரம் ஃபோகஸுக்கு. ஒண்ணு தூரம் பாக்கற ரேஞ்ச்ஃபைண்டர், இன்னொண்ணு அதையும் லென்ஸையும் சேர்த்துச் சுத்தற சக்கரம். அவ்வளவு எளிமையா செஞ்சதாலதான் எண்பது வருஷம் கழிச்சும் ஸ்குரூ டிரைவர் ஒண்ண வச்சே பிரிச்சு மாட்ட முடியுது.

இனி எப்படிப் பாக்கறதுன்னு சொல்றேன். நான் கொலம்பஸ்ல இருக்கறேன், பன்னெண்டு வருஷமா இதே வேலையா சுத்தறேன். போன்ல டார்ச் போட்டு லென்ஸுக்குள்ள ஒரு பக்கத்துலேர்ந்து அடிச்சு மறுபக்கத்துலேர்ந்து பாருங்க. தூசி நாலு இருந்தா பரவாயில்ல, படத்துல தெரியாது. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையா ஓடுச்சுன்னா அது பூஞ்சை, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன், வீட்ல மத்த லென்ஸ் கூட அத வைக்கவே பயமா இருக்கும். புகை படிஞ்ச மாதிரி மங்கலா இருந்தா சில லென்ஸ்ல துடைச்சா போயிடும், சிலதுல போகாது. அப்புறம் லென்ஸுக்குள்ள வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கற அபெர்ச்சர் இலைகள், எண்ணெய் கசிஞ்சு பளபளன்னு இருந்தா ஒட்டிக்கும். ஷட்டர ஒரு செகண்டுல வச்சு அடிச்சுப் பாருங்க, மனசுக்குள்ள எண்ணுங்க, மூணு செகண்டு இழுத்துச்சுன்னா உள்ள கிரீஸ் காய்ஞ்சிருக்குது. துருத்தி மாதிரி மடக்கற பெல்லோஸ் கேமரான்னா இருட்டு ரூம்லதான் சரியா பாக்க முடியும், அங்க முடியாது, அதனால மடிப்பு மூலைகள மட்டும் உத்துப் பாருங்க, ஓட்டை விழறது அங்கதான்.

வாங்கலாம்னா, பென்டாக்ஸ் கே1000 கண்ணுல பட்டா யோசிக்காதீங்க, முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சம் அளக்கற மீட்டருக்கு மட்டும்தான், பேட்டரியே இல்லாட்டியும் எல்லா ஸ்பீடும் அடிக்கும். ஒலிம்பஸ் ட்ரிப் 35-ம் அப்படித்தான், பேட்டரியே கிடையாது, லென்ஸச் சுத்தி தேன்கூடு மாதிரி இருக்கறது வெளிச்சத்துலேர்ந்தே கரண்ட் எடுக்கற செலினியம் செல். டயல ஏ-ல வச்சு லென்ஸ உள்ளங்கையால பொத்திட்டு பட்டனை அமுக்குங்க, வியூஃபைண்டர்ல சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் அடிக்காம நின்னா செல் உசுரோட இருக்குது. வெயில்ல அமுக்கினா அடிக்கணும். இத ரெண்டையும் மேஜை பக்கத்துல நின்னே பாத்துடலாம். கேனன் ஏஇ-1 செத்துப்போச்சுன்னு 10 டாலருக்கு வைப்பாங்க, அது பேட்டரி இல்லாம அடிக்கவே அடிக்காது, நான் எப்பவும் பாக்கெட்ல ஒரு 6 வோல்ட் பேட்டரி வச்சுட்டுத்தான் கிளம்பறது. அது அடிக்கறப்ப கீச்சுன்னு இருமற மாதிரி சத்தம் வந்தா உள்ள எண்ணெய் காய்ஞ்சிருக்குது, சரி பண்ணிக்கலாம்.

படம் எடுக்கணும்னா 126 இன்ஸ்டமேட்டிக், டிஸ்க், ஏபிஎஸ்னு இந்த ஃபிலிம் வகை கேமரா எல்லாத்தையும் விட்டுடுங்க, ஃபிலிமே வர்றதில்ல. கோடாக் பிரௌனி மாதிரி 620 ஃபிலிம் கேமரா தாராளமா எடுக்கலாம், 620-ஐ கோடாக் 1995-ல நிறுத்திட்டாலும் அது இன்னிக்கும் கிடைக்கற 120 ஃபிலிமேதான், சுருள் மட்டும் கொஞ்சம் ஒல்லி, இருட்டுல உக்காந்து மாத்திச் சுத்திக்கலாம். அதனாலயே பழைய 620 காலிச் சுருள் எங்க பாத்தாலும் எடுத்துப் போட்டுக்குங்க.

காலையில ஏழு மணிக்கே போயிடணும், சில்லறையா ஒரு டாலர் அஞ்சு டாலர் நோட்டு வச்சுக்கணும். மேஜையில கேமரா இல்லாட்டியும் "பழைய கேமரா ஏதாவது வீட்டுக்குள்ள இருக்குதுங்களா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. எனக்குக் கிடைச்சதுல பாதி அப்படிக் கேட்டதுதான். ஆகஸ்ட்ல லீவு போட முடிஞ்சா ஹைவே 127 யார்டு சேலுக்கு வாங்க, உங்க மிச்சிகன் அடிசன்ல ஆரம்பிச்சு அலபாமா காட்ஸ்டன் வரைக்கும் 690 மைல், நாலு நாள். 127-ங்கறது கோடாக்கோட பழைய ஃபிலிம் நம்பரும் கூட, அந்த ரோட்டுல 127 கேமரா பாக்கறப்பெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஸ்காபரோ_கமரா:

பழைய லென்ஸ் அண்ணை சொன்னதெல்லாம் சரி, ஆனா கோடாக் எண்டா பிரௌனி மட்டும்தான் எண்டு தம்பி நினைச்சுப் போடக்கூடாது. நான் ஸ்காபரோவில இருக்கிறன், இஞ்ச கராஜ் சேல் எண்டுதான் சொல்லுறவை. போன வருசம் ஒரு கோடாக் ரெட்டினா III சி வாங்கினனான், ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்டில செய்தது, கையில எடுத்தாலே சாமான் எப்பிடியெண்டு விளங்கும். ஃபிலிம் சுத்துற லிவர் இறுகிப் போச்சு, பழுது, 15 டொலர் தந்தாக் காணும் எண்டு அந்த மனுசன் சொன்னார். நான் முதல் வேலையா எத்தினை படம் மிச்சமெண்டு காட்டுற கவுண்டரைப் பாத்தன். ரெட்டினாவில கவுண்டர் பின்னுக்கு எண்ணும், 36-இல இருந்து குறைஞ்சு குறைஞ்சு 1-க்கு வந்தவுடன லிவர் தானாப் பூட்டிக்கொள்ளும், அது பழுதில்லை, அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள். கவுண்டரைத் திருப்பி மேல கொண்டுபோனவுடன லிவர் வெண்ணெய் மாதிரி ஓடிச்சுது. விக்கிற மனுசனுக்கும் காட்டினன், அவருக்கும் சரியான சந்தோசம், தேப்பன்ர கமராவாம், ஆனா திருப்பி வேண்டேல்லை, நீ படம் எடு எண்டு சொல்லிப்போட்டார். ஒண்டு கவனம், அதை மூடேக்க ஃபோகஸை இன்ஃபினிட்டியில வைக்காமல் மூடியைப் பலவந்தமாத் தள்ளக் கூடாது.

உள்ள ஃபிலிம் கிடந்தா என்ன செய்யிறது எண்டதில எனக்கு ஒரு கருத்து இருக்கு. அது கமராவோட சேத்து நீங்கள் வாங்கின சாமான் இல்லை. அந்தப் படங்கள் அந்தக் குடும்பத்தின்ர. கழுவி வந்தவுடன இன்ஸ்டாகிராமில போடுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது துப்புரவாப் பிடிக்காது. சிக்காகோவில பிள்ளை பாக்கிற வேலை செய்த விவியன் மேயர் எடுத்த படங்கள் 2007-இல ஏலத்தில வித்துப் போச்சு, அவ 2009-இல செத்தா, தன்ர படங்களை உலகம் பாக்கப் போகுதெண்டு தெரியாமலே. படங்கள் அருமையான படங்கள், நான் மறுக்கேல்லை. ஆனா அவவிட்ட ஒரு சொல் கேக்க ஏலாமல் போட்டுது எண்டதை நினைக்க எனக்கு இண்டைக்கும் ஒரு மாதிரித்தான். உங்களுக்கு வித்த அம்மா உயிரோட இருக்கிறா, வீடு தெரியும். அவவிட்டக் கேளுங்கோ.

லென்ஸ்_அக்கா:

ஸ்காபரோ அண்ணா சொன்னத நான் அப்படியே ஒத்துக்கறேன். நான் ஃப்ரீமான்ட்ல இருக்கேன், கலிஃபோர்னியாவுல மழை கம்மிங்கறதால வருஷம் பூரா யார்டு சேல் நடக்கும், பூஞ்சை பிடிச்ச லென்ஸும் கம்மியா இருக்கற மாதிரி எனக்குத் தோணும்.

யாரும் சொல்லாத ரெண்டு மூணு விஷயம் சேத்துக்கறேன். பேட்டரி மூடிய ஒரு நாணயத்தால திறந்து பாக்காம எதையும் வாங்காதீங்க, பச்சையா உப்பு பூத்திருந்தா லேசா இருக்கறத வினிகர் தொட்டுத் துடைச்சா போயிடும், ஆனா வயர் வழியா உள்ள ஏறியிருந்தா கஷ்டம். அறுபது எழுபதுகள்ல வந்த கேமரா நிறைய 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்குச் செஞ்சது, மெர்க்குரி பேட்டரியத் தடுத்த 1996 சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்காவுல அது விக்கறதில்ல, அதே சைஸ் ஆல்கலைன் 1.5 வோல்ட், போட்டா மீட்டர் தப்பாக் காட்டும். காதுல மாட்டற ஹியரிங் எய்டுக்கு விக்கறாங்களே 675 நம்பர் ஜிங்க் பேட்டரி, அதுக்கு ஒரு சின்ன ரப்பர் வளையம் சுத்திப் போட்டா பொருந்திடும், நான் கேனன் கேனோனெட் கேமராவுல அப்படித்தான் போடறேன். பின்கதவு ஓரத்துல இருக்கற நுரை ரப்பர் கையில தார் மாதிரி ஒட்டும், அதப் பாத்து பயப்படாதீங்க, ஒரு மதியம் உக்காந்து சுரண்டி எடுத்துட்டு புதுசு ஒட்டிடலாம்.

போலராய்டுல, பட்டனை அமுக்கினா படத்த வெளிய துப்பற எஸ்எக்ஸ்-70, 600 ரெண்டும் வாங்கலாம், ஃபிலிம் இன்னும் வருது, பேட்டரி ஃபிலிம் பாக்கெட்டுக்குள்ளயே இருக்கறதால காலி கேமராவ அங்கயே டெஸ்ட் பண்ண முடியாது. பெல்லோஸ் வச்ச பெரிய பழைய லேண்டு கேமரா பாக்க அவ்வளவு அழகு, ஆனா ரோல் ஃபிலிம் போடற மாடல்களுக்கு ஃபிலிம் நின்னு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, உரிச்சு எடுக்கற பாக்கெட் ஃபிலிம ஃபுஜி 2016-ல நிறுத்திட்டாங்க.

பென்டாக்ஸோட சூப்பர் டாக்குமர் 50 எம்எம் 1.4 லென்ஸ் டீத்தண்ணி கலர்ல இருந்தா கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கிடாதீங்க. அந்தக் கண்ணாடியில தோரியம் இருக்கு, வருஷம் ஆக ஆக மஞ்சளாகும், ஜன்னல் வெயில்ல சில வாரம் வச்சிருந்தா வெளுத்துடும். நான் 12 டாலருக்கு வாங்கினது இப்ப தண்ணி மாதிரி இருக்கு.

இன்னொண்ணு, பொக்கிஷம் கிடைச்சிடும்னு போகாதீங்க. எங்க கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோங்கற ஊர்ல 2000-ல ஒருத்தர் கராஜ் சேல்ல 45 டாலருக்கு வாங்கின கண்ணாடி நெகட்டிவ்கள் பெரிய போட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்ததுன்னு 2010-ல பெரிய செய்தி ஆச்சு, ஆடம்ஸ் குடும்ப டிரஸ்ட் மறுத்தாங்க, கோர்ட் வரைக்கும் போய் சமாதானத்துல முடிஞ்சுது.

மிச்சிகன்_புதுசு:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெம்புகோல தள்ளினேன், பட்டனை அமுக்கினேன், டக்குன்னு அடிச்சுது!! பொண்ணு இருபது தடவ அடிச்சுட்டா. ரீவைண்ட் குமிழ சுத்தினா பிடிச்சு இழுக்குது, அப்ப உள்ள ஃபிலிம் இருக்கு. மெதுவா சுத்தி முழுக்க உள்ள இழுத்துட்டு, சந்தேகத்துக்கு கிளாசட்டுக்குள்ள போய் இருட்டுலதான் திறந்தேன். கோடாக் ப்ளஸ்-எக்ஸ்னு போட்டிருக்கு. கருப்பு வெள்ளைதானே? இத லேப்ல கொடுக்கலாமா நானே கழுவலாமா?

பழைய_லென்ஸ்:

கருப்பு வெள்ளைதான் தம்பி, உங்க அதிர்ஷ்டம். கோடாக்ரோம் கலர் ஃபிலிமா இருந்திருந்தா கலர் வரவே வராது, அதக் கழுவின கடைசி லேப் கன்சாஸ்ல 2010 டிசம்பரோட ஃபிலிம் வாங்கறத நிறுத்திட்டாங்க. இத கோடாக் ஹெச்.சி.-110 (HC-110) டெவலப்பர்ல கழுவுங்க, பழைய ஃபிலிம்ல வர்ற மூட்டம் அதுல கம்மியா இருக்கும். முதல்ல நுனியில ரெண்டு இஞ்ச் வெட்டி அத மட்டும் கழுவிப் பாத்துட்டு அப்புறம் மிச்சத்தப் போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஸ்காபரோக்காரர் சொன்ன மாதிரி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. நான் எழுதறப்ப அத யோசிக்கலைங்க, அவர் சொன்னது சரி.

பல்லாவரம்_பையன்:

படிச்சுக்கிட்டே வந்தேன், செம த்ரெட். இங்க சென்னையில யார்டு சேல் கிடையாது, ஆனா பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில தரையில தார்பாய் விரிச்சு பழைய கேமரா போட்டிருப்பாங்க, அக்ஃபா க்ளிக் III நிறைய வரும், பரோடாவுல செஞ்சது, 120 ஃபிலிம்ல பன்னெண்டு படம். ஒரே வித்தியாசம், அங்க வீட்டுக்காரங்களே விக்கறாங்க, இங்க கை மாறி கை மாறி வர்றதால யாரோட கேமரான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. டார்ச், ஒரு செகண்டு டெஸ்ட் ரெண்டும் வர்ற வெள்ளிக்கிழமையே பண்ணிப் பாக்கறேன்.

மிச்சிகன்_புதுசு:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

பாட்டிகிட்ட போய்க் கேட்டேன். அப்படி ஒண்ணு உள்ள இருக்கும்னே அவங்களுக்குத் தெரியல, கழுவிப் பாரு, வந்தா எனக்கும் காட்டுன்னு சொன்னாங்க. லேபுக்கு அனுப்பலாம்னுதான் இருந்தேன், அப்பாகிட்ட வீடியோ கால்ல சொன்னா, எதுக்கு லேபு, நான் இருக்கேன்னுட்டார். ஃபிலிம் கழுவற டேங்க், கெமிக்கல் வாங்கி பாத்ரூம்ல போனை சாச்சு வச்சுட்டு ஆரம்பிச்சேன். கும்பகோணத்துல அப்ப ராத்திரி பதினோரு மணி. டேங்க்க தரையில தட்டு, குமிழி ஒட்டிக்கிட்டா வட்ட வட்டமா புள்ளி விழும், தட்டு தட்டுன்னு ஒரே சத்தம். ரொம்ப ஆட்டாத, தலைகீழா கவுத்து நிமித்து போதும்னார். ஹைப்போ ஊத்தி நேரம் ஆனதும் மூடியத் திறக்கச் சொன்னார், போனை டேங்க் மேல காட்டச் சொன்னார், என்னைவிட முன்னாடி அவர்தான் பாத்தார். இருக்குடா, படம் இருக்குன்னார். அந்தக் குரல ஸ்டுடியோ மூடினதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல. அப்புறம் துணி கிளிப் மாட்டித் தொங்கவிடு, அடியிலயும் ஒண்ணு மாட்டு, இல்லாட்டி சுருண்டுக்கும்னு அடுத்த வேலைக்குப் போயிட்டார்.

மொத்தம் பதினாலு படம் தேறிச்சு. மூட்டம் நிறைய, ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சிருக்கு. ஏரி உறைஞ்சு கிடக்கு, ஒருத்தர் பனியில ஓட்டை போட்டு பக்கெட்ட கவுத்து அது மேல உக்காந்து மீன் பிடிக்கறார். சமையலறையில ஒரு பொண்ணு மாவுக் கையோட திரும்பிப் பாக்கறாங்க. அஞ்சாறு படம் ஒரு நாய்.

பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தேன். மீன் பிடிக்கறவர்தான் உங்க வீட்டுக்காரரான்னு கேட்டேன். இல்ல, அது அவர் தம்பி, அவர் எதுலயும் இருக்க மாட்டார், எடுத்தவரே அவர்தானேன்னாங்க. மாவுக் கைப் படத்த மட்டும் எடுத்து ஜன்னல் பக்கமா கொண்டு போய் ரொம்ப நேரம் வச்சுப் பாத்தாங்க. நான் ஒண்ணும் கேக்கல. படத்த எங்கயும் போடப் போறதில்ல, நெகட்டிவையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டேன்.

கிளம்பறப்ப உள்ள போய் ஒரு டப்பா கொண்டு வந்து கொடுத்தாங்க, காசு வாங்கல. ஆர்கஸோட ஃப்ளாஷ், கிண்ணம் மாதிரி வெள்ளி ரிஃப்ளெக்டர், பின்னாடி ரெண்டு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கு, கூடவே பிரிக்காத பல்பு ஒரு டஜன், எல்லாம் நீலக் கலர். இத எங்க சொருகறது? நீல பல்ப கருப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் போடலாமா?

பழைய_லென்ஸ்:

கேமரா பக்கவாட்டுல ரெண்டு ஓட்டை இருக்கும் பாருங்க தம்பி, அங்கதான். சி2-வுல அந்த ஓட்டை இல்ல, அத வச்சதாலதான் அது சி3. நீல பல்பு பகல் வெளிச்சக் கலர் ஃபிலிமுக்குச் செஞ்சது, கருப்பு வெள்ளைக்கும் தாராளமா போடலாம். கண்ணாடியில விரிசல் இருக்கற பல்ப மட்டும் தொடாதீங்க. ஒரு பல்பு ஒரே தடவைதான் எரியும், எரிஞ்சதும் சுடும், துணி வச்சுக் கழட்டுங்க. அப்பா ஊர்லேர்ந்து வர்றப்ப அடிக்கறதுக்கு நாலு எடுத்து வச்சுக்குங்க.

மிச்சிகன்_புதுசு:

ஆமாண்ணா, நவம்பர்ல வர்றார். ஆறு எடுத்து வச்சிருக்கேன்.